வீட்டுக் கொப்பியும் நகரத்துக் கொப்பியும்



அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் வட்டிலாப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். “ராத்தா, மேயருட பட்ஜெட் தோத்துப் போச்சாமே. அப்ப நம்மட குப்பைய யார் அள்ளுவாங்க?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு சரியான கேள்வி! வீடு திரும்பும் வழியெல்லாம் அதே எண்ணம்தான்.

விடயம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2025 டிசம்பர் 22ஆம் திகதி கொழும்பு மாநகர சபையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மூன்று வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம்தான் ஒரு பெண்மணி, விராய் கெலி பல்தசார், மேயராகத் தெரிவாகியிருந்தார். ஒன்பது நாள் கழித்து, ஆண்டின் கடைசி நாளில், திட்டம் மறுபடி சபைக்கு வந்து இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. குப்பை வண்டிகள் ஓடின. நாமும் அதை மறந்துவிட்டோம்.

ஆனால் அந்தத் தங்கையின் கேள்வி மறக்கக்கூடியதல்ல. ஒரு நகரத்துக்குத் தலைவர் ஒருவர் வருகிறார். சாவி அவர் கையில் இருக்கிறது. சல்லிப் பெட்டியைத் திறக்க மட்டும் இன்னும் பலருடைய சம்மதம் வேண்டும். அவர்கள் சம்மதிக்க மறுத்தால் என்ன நடக்கும்? இதற்கு உலகத்தில் நடந்த ஒரு நல்ல உதாரணத்தைத் தேடினால், கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்துக்குத்தான் போகவேண்டும். இந்த மாதம் அந்தக் கதையைச் சொல்கிறேன். அரசியல் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சமையலறைக் கணக்கு எழுதுபவர்களுக்கு விளங்கும் கதை.

மாமியார் வீட்டுச் சாவிக் கொத்து

ஒரு வீட்டில் மூத்த மாமியார் இருபது வருடம் வீட்டை நடத்துகிறார். அரிசி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு, யாருக்கு எத்தனை ரூபாய் கைச்செலவு என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கிறது. கொப்பியில் எதுவும் எழுதப்படுவதில்லை. கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும், கேட்கத் தெரியாதவர்களுக்குக் கிடைக்காது. ஒரு நாள் அந்த வீட்டுக்குப் புதிய மருமகள் வருகிறாள். சாவிக் கொத்தைக் கொடுக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஜாடிகள் காலி. கடையில் கடன் கொப்பி நிறைந்து வழிகிறது. இனி எல்லாவற்றையும் எழுதி வைப்போம் என்று அவள் சொன்னதும், இதுவரை கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடிவிடுகிறார்கள்.

சிக்காகோவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

1955 முதல் 1976 டிசம்பரில் இறக்கும் வரை அந்த நகரத்தின் மேயராக இருந்தவர் ரிச்சட் டேலி. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய கட்சி அமைப்பை அங்கே இயந்திரம் என்றே அழைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான அரசாங்க வேலைகள் கட்சியின் கையில் இருந்தன. வட்டாரத் தலைவர் ஒருவர் தேர்தலில் எத்தனை வாக்குகளைக் கொண்டுவந்தாரோ, அதற்கேற்ப அவருடைய ஆட்களுக்கு வேலை. வீதி கூட்டும் வேலையிலிருந்து கந்தோர் வேலை வரை இந்தக் கணக்கில்தான் போயிற்று. கொந்தராத்துகளும் அப்படித்தான்.

இப்படி நடந்த நகரத்தில் வேலைகள் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. நடந்தன. ஆனால் எந்த வட்டாரத்தில் நடந்தன என்பதுதான் கேள்வி. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெற்கு, மேற்குப் பகுதிகளில் பாடசாலைகள் நெரிசலாகவும், வீதிகள் குண்டும் குழியுமாகவும் கிடந்தன. 1980 அளவில் முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில், ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர்கள். வாக்களித்தார்கள்; பங்கு மட்டும் வரவில்லை.

சகோதரிகளே, நகர சபை ஒன்றின் அருமை அது நின்றுபோகும்போதுதான் தெரியும். 1979 ஜனவரியில் சிக்காகோவில் பெரும் பனி கொட்டியது. வீதிகளில் பனியை அகற்ற முடியவில்லை. பேருந்து இல்லை; ரயில் தடுமாறியது; குப்பை எடுபடவில்லை. அப்போது மேயராக இருந்தவர் டேலிக்குப் பின் வந்த மைக்கல் பிலாண்டிக். அடுத்த மாதமே நடந்த கட்சித் தெரிவில் மக்கள் அவரைத் தோற்கடித்து, ஜேன் பைர்ன் என்ற பெண்மணியைத் தெரிவு செய்தார்கள். சிக்காகோவின் முதல் பெண் மேயர் அவர். பெரிய பேச்சாளர்களால் அசைக்கமுடியாத இயந்திரத்தை வாசலில் கிடந்த பனிக்குவியல் அசைத்துவிட்டது!

வந்தவர் யார்?

ஹெரல்ட் வொஷிங்டன் 1922இல் சிக்காகோவிலேயே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சேவை செய்து திரும்பி, சட்டம் படித்தவர். மாநில சட்டசபையில் பதினைந்து ஆண்டுகள் இருந்து, 1981இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனவர். அவரும் அந்த இயந்திரத்துக்குள் வளர்ந்தவர்தான்; பிறகு அதிலிருந்து விலகினார். மேயர் பதவிக்கு நிற்கும்படி கேட்டபோது அவர் உடனே இணங்கவில்லை. முதலில் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்யுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். 1982இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய பெயர்கள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தன. வீடு வீடாகப் போனவர்களில் தாய்மார்கள் ஏராளம்.

1983 பெப்ரவரி 22இல் கட்சித் தெரிவு. ஒரு பக்கம் பதவியிலிருந்த ஜேன் பைர்ன். மறுபக்கம் பழைய மேயர் டேலியின் மகன். இருவருக்கும் வாக்குகள் பிரிந்துபோக, நூற்றுக்கு 36 அளவில் பெற்று வொஷிங்டன் வென்றார். 1931க்குப் பின் குடியரசுக் கட்சி சிக்காகோ மேயர் பதவியை வென்றதே இல்லை. ஆகவே வழக்கமாக அத்தோடு வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த முறை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கறுப்பினத்தவர். ஆயுள் முழுக்கக் கட்சிக்கு வாக்களித்த வெள்ளையர்கள் பெருந்தொகையாக மறுபக்கம் சாய்ந்தார்கள். தேர்தல் மேடைகளில் நிறவெறி பச்சையாகவே பேசப்பட்டது. ஏப்ரல் 12இல் பாதிக்குச் சற்றுக் கூடுதலான வாக்குகளால் வொஷிங்டன் தப்பிப் பிழைத்தார். நகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஆனார்.

ஏப்ரல் 29இல் பதவிப் பிரமாணம். அது மாலை மரியாதை பேசும் நாள். அவரோ அந்த மேடையிலேயே கணக்கைத் திறந்தார். நகரத்தின் பொது நிதியில் அந்த ஆண்டு 15 கோடி டொலர் வரை துண்டு விழக்கூடும் என்றார். பாடசாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பணமில்லை என்றார். புதிய ஆட்சேர்ப்பையும் சம்பள உயர்வையும் நிறுத்தினார். அரசியல் காரணத்துக்காகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். மேலதிகாரிகளின் சம்பளக் குறைப்பைத் தன் சம்பளத்திலிருந்தே தொடங்கினார்.

சிக்கனம் பேசுகிறவர் முதலில் தன் பீங்கானில் இருந்து எடுத்து வைக்கவேண்டும் என்பதை நாம் நம் உம்மாமாரிடம் கண்டிருக்கிறோம். கறியில் மீன் துண்டு குறைந்தால் குறைவது எப்போதும் உம்மாவின் பீங்கானில்தான்.

29க்கு 21

சிக்காகோ மாநகர சபையில் 50 உறுப்பினர்கள். வட்டாரத்துக்கு ஒருவர். சட்டத்தைப் படித்தால், அங்கே மேயரை விடச் சபைக்கே பலம் அதிகம். டேலி காலத்தில் கட்சி முழுவதும் அவர் கைக்குள் இருந்ததால் அந்தச் சட்டம் யாருக்கும் நினைவில்லை. இப்போது நினைவு வந்தது.

1983 மே 2ஆம் திகதி, புதிய மேயர் தலைமை தாங்கிய முதலாவது சபைக் கூட்டம். எட்வர்ட் விர்டோலியக், எட்வர்ட் பேர்க் என்ற இரண்டு அனுபவசாலிகள் 29 உறுப்பினர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு தயாராக வந்திருந்தார்கள். அதை அறிந்த மேயர் கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்துவிட்டுத் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார். அந்த 29 பேரும் எழுந்து போகவில்லை. விர்டோலியக் தலைமையில் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். குழுக்கள் அனைத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். சல்லி விடயங்களைப் பார்க்கும் நிதிக் குழு பேர்க்கின் கைக்குப் போயிற்று. மேயர் தரப்பு நீதிமன்றம் போயும் பலன் இல்லை. பெரும்பான்மையினர் செய்தது செல்லும் என்றே முடிவாயிற்று.

வெளியேறியது வொஷிங்டனின் தவறு என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர்களுக்குச் சாப்பாடு மிஞ்சுவதில்லை என்பது நம் வீடுகளிலும் நடப்பதுதானே.

அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் இந்த 29க்கு 21 என்ற கணக்கு நகரத்தை ஆட்டிப் படைத்தது. ஒரு நகைச்சுவைக் கலைஞர் அதற்குச் ‘சபைப் போர்’ என்று பெயர் வைத்தார். அக்காலத்தில் ஓடிய பிரபல விண்வெளிச் சினிமாவின் பெயரைத் திருப்பி வைத்த பெயர் அது. ஒரு பெரிய பத்திரிகையோ, போரில் சிதைந்துகொண்டிருந்த லெபனானின் தலைநகரை நினைத்து, சிக்காகோவை ஏரிக்கரைப் பெய்ரூத் என்றே எழுதியது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். 29 பேர் இருந்தால் சபையில் எதையும் நிறைவேற்றலாம். ஆனால் நிறைவேறியதை மேயர் தடுக்கலாம். அதற்குத் தடை அதிகாரம் என்று பெயர். மேயரின் தடையை உடைக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 34 வாக்குகள் வேண்டும். எதிரணியிடம் 34 இல்லை. மேயரிடமோ 26 இல்லை. ஆகவே அவர்களால் ஆளமுடியவில்லை, இவராலும் ஆளமுடியவில்லை. ஒருவரையொருவர் தடுக்க மட்டுமே முடிந்தது. மேயர் நியமித்த அதிகாரிகள் பலருக்கு ஆண்டுக் கணக்கில் சபையின் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

டிசம்பர் மாதத்து இழுபறி

சிக்காகோவின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பர் 31க்குள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியாக வேண்டும். இல்லாவிட்டால் புத்தாண்டில் பொலிஸ்காரருக்கும், தீயணைப்புக்காரருக்கும், குப்பை அள்ளுபவருக்கும் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கல்யாண வீட்டில் நம் தங்கை கேட்ட கேள்வியின் விடை இதுதான்! தலைவர்களின் சண்டையில் நிறுத்தப்படக்கூடிய முதல் சம்பளம், அதிகாலையில் நம் வாசலைக் கூட்டுகிறவருடையது.

ஆகவே ஒவ்வொரு ஆண்டுக் கடைசியிலும் இழுபறி. மேயர் ஒரு திட்டம் வைப்பார். சபை அதை வெட்டி ஒட்டும். மேயர் தடுப்பேன் என்பார். கடைசியில் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிப்பார்கள்.

எதைப்பற்றிச் சண்டை? இரண்டு விடயங்கள். ஒன்று, வருமானம். அங்கேயும் நம் ஊர் போல வீட்டுக்கும் கட்டடத்துக்கும் ஆதனவரி, நாம் சோலை வரி என்கிறோமே, அது உண்டு. உருக்காலைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்த காலம் அது. வொஷிங்டன் தலைநகரில் இருந்த ஜனாதிபதி ரீகனின் அரசாங்கமோ நகரங்களுக்கான உதவியைக் குறைத்துக்கொண்டே வந்தது. மத்திய வருமானத்தில் நகரங்களுக்குப் பங்கு கொடுத்துவந்த திட்டம் 1986இல் அடியோடு நின்றது. அப்படியானால் வரியைக் கூட்டவேண்டும், அல்லது சேவையைக் குறைக்கவேண்டும். எதிரணியினர், எங்கள் வட்டாரத்துச் சிறிய வீட்டுக்காரர்கள் இதற்கு மேல் தாங்கமாட்டார்கள் என்றார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அவர்களும் மக்கள் தெரிவு செய்தவர்களே. இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது விடயம் பங்கீடு. வேலையும் கொந்தராத்தும் யார் கையால் போகவேண்டும் என்பது. உள்ளூர் அபிவிருத்திக்கு மத்திய அரசு தந்த மானியத்தை எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பதிலும் சண்டை. வொஷிங்டன் பதவிக்கு வந்த சில வாரங்களில், அரசியல் சார்பைப் பார்த்து ஆள் சேர்ப்பதை நிறுத்தும் நீதிமன்ற இணக்கப்பாடு ஒன்றில் ஒப்பமிட்டார். நகரத்தின் ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். இதனால் தமக்கே கிடைக்கக்கூடிய ஆயுதத்தையும் அவர் கீழே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுத்து ஆள் பிடிக்கும் வழி இனி அவருக்கும் இல்லை. நிறத்தைக் காட்டி நடந்த சண்டைக்குள் சாவிக் கொத்துச் சண்டையும் சேர்ந்தே ஓடிற்று. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கொப்பியைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்

சபைக்குள் வழி அடைபட்டபோது அவர் சபைக்கு வெளியே போனார். வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் வைத்து, இவ்வளவு வருகிறது, இவ்வளவு போகிறது, உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டார்.

வீதி, நடைபாதை, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைத் திருத்த நகரம் கடன் பத்திரம் வெளியிடவேண்டும் என்று அவர் கேட்டபோது எதிரணி இழுத்தடித்தது. அவர் செய்தது என்ன தெரியுமா? வேலைகளை 50 வட்டாரங்களுக்கும் பங்கிட்டார். தம்மைத் திட்டுகிறவர்களின் வட்டாரத்துக்கும் பங்கு வைத்தார். பிறகு அந்த வட்டாரங்களுக்கே போய், உங்கள் வீதிக்கு இன்ன வேலை இருக்கிறது, உங்கள் உறுப்பினர்தான் கையைத் தூக்கவேண்டும் என்று சொன்னார். அங்கிருந்த வெள்ளையின மக்களில் பலர் அவருக்கு வாக்களிக்காதவர்கள். அவரைப் பிடிக்காதவர்கள். ஆனால் அவர்கள் வீட்டு முன்னாலும் நடைபாதை உடைந்துதான் கிடந்தது. அவர்கள் தம் உறுப்பினர்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1985இல் அந்தத் திட்டம் நிறைவேறியது.

பகைவனின் தெருவுக்கும் கான் வெட்டிக்கொடுப்பது பலவீனம் அல்ல. பொதுச்சொத்தைக் கையில் வைத்திருப்பவரின் கடமை அது. ஒரு தாய் கோபத்தில் இருக்கிறாள் என்பதற்காக ஒரு பிள்ளைக்குச் சோறு போடாமல் விடுவாளா?

முடிச்சு அவிழ்ந்த நாள்

1980 குடிசன மதிப்புக்குப் பின் வரையப்பட்ட வட்டார எல்லைகள், கறுப்பின மக்களுடையதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருடையதும் வாக்குப் பலத்தைச் சிதறடிக்கின்றன என்று ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எல்லைகள் திருத்தப்பட்டு, 1986 மார்ச்சில் ஏழு வட்டாரங்களில் மட்டும் விசேட தேர்தல் நடந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத வட்டாரங்களில் ஏப்ரல் 29இல் மறுசுற்று. மேயர் பதவியேற்று அன்றைக்குச் சரியாக மூன்று ஆண்டுகள். அன்று வென்றவர்களில் ஒருவர் லூயிஸ் குட்டியெரெஸ் என்ற இளைஞர். பிற்காலத்தில் நீண்டகாலம் காங்கிரஸில் இருந்தவர்.

இப்போது கணக்கு 25க்கு 25. சமமாக நின்றால் தீர்மானிக்கும் வாக்கு மேயருடையது! தேங்கிக் கிடந்த நியமனங்கள் அங்கீகாரம் பெற்றன. குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் மெய்யாகவே மேயரானார்.

இனி எல்லாம் சுகம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. தடுப்பவர்கள் இருந்தவரை குற்றத்தை அவர்கள் மேல் போடலாம். இப்போது யார் மேல் போடுவது? நகரத்தின் துண்டு விழும் தொகை அப்படியே இருந்தது. அந்த ஆண்டு ஆதனவரி கூட்டப்பட்டது. 1987 தேர்தலில் ஜேன் பைர்ன் மறுபடி போட்டிக்கு வந்தபோது அந்த வரியையே பிடித்துக்கொண்டார். இருந்தும் பெப்ரவரியில் பைர்னையும், ஏப்ரலில் புதிய கட்சி ஒன்றின் பெயரில் நின்ற விர்டோலியக்கையும் வொஷிங்டன் வென்றார். வரியைக் கூட்டியவரை மக்கள் தண்டிக்கவில்லை. காரணம் ஒன்றல்ல, ஆனால் பணம் எங்கே போகிறது என்பதை அவர் சொல்லி வந்தார் என்பதும் காரணங்களில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

அவர் குறையில்லாதவர் அல்ல. ஏழைகள் வாழ்ந்த அரசாங்க மாடி வீடுகளின் நிர்வாகம் அவர் காலத்திலும் சீரழிந்தே கிடந்தது. பாடசாலைகளின் நிலையோ இன்னும் மோசம். 1987 செப்டம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 19 பாடசாலை நாட்கள்! நான்கு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வீட்டில். தாய்மார் பொறுத்துப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்தார்கள். ஆசிரியர் பக்கமும் அல்ல, அதிகாரிகள் பக்கமும் அல்ல, நாங்கள் பிள்ளைகள் பக்கம் என்று நின்றார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் ஒக்டோபரில் மேயர் அந்தப் பெற்றோரை அழைத்து, பெரிய கூட்டம் வைத்து, பாடசாலையைத் திருத்த வழி கேட்டார்.

அந்த வேலையை முடிக்க அவருக்கு நாட்கள் கிடைக்கவில்லை. 1987 நவம்பர் 25ஆம் திகதி காலை, மாநகர மண்டபத்தில் தம் மேசையில் இருந்தபடியே மாரடைப்பால் சாய்ந்தார். வயது 65. இரண்டாம் தவணையில் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த மேயர் யார் என்று சபையில் விடிய விடியச் சண்டை நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய டேலியின் மகனே மேயர் ஆனார்.

எது மிஞ்சியது?

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை சகோதரிகளே. அந்தத் தாய்மார் விடவில்லை. 1988இல் மாநில சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. சிக்காகோவின் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு சபை. 11 உறுப்பினர்களில் 6 பேர் பெற்றோர். அதிபரைத் தெரிவு செய்வதிலும், பாடசாலையின் செலவைத் தீர்மானிப்பதிலும் அவர்களுக்குப் பங்கு. 1989இல் முதல் தேர்தல் நடந்தது. மேயரின் மேசையில் இருந்த கணக்குக் கொப்பியின் ஒரு பக்கம் தாயின் கைக்கு வந்த கதை இது.

இன்னொரு முடிவும் உண்டு. அந்த நிதிக் குழுவைப் பிடித்த எட்வர்ட் பேர்க், 1969 முதல் 2023 வரை 54 ஆண்டுகள் சபையில் இருந்தார். பதவியைப் பயன்படுத்திச் சொந்த ஆதாயம் தேடியதாக 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. 2024 ஜூனில் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை. எண்பது வயதில்! சந்தோஷப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. பொதுப்பணத்துச் சாவியை நீண்ட காலம் ஒரே கையில், கேட்பாரில்லாமல் விட்டால் அந்தக் கைக்கும் நன்மையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சாவியை விட்டவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மில் எத்தனை பேருக்கு நம் வட்டாரத்து உறுப்பினரின் பெயர் தெரியும்? சோலை வரிச் சிட்டை வந்தால் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கிறோம். குப்பை இரண்டு நாள் எடுபடாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருப்பது யார்? கான் அடைத்து நுளம்பு பெருகினால் டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் இருப்பது யார்? தண்ணீர் வராத காலையில் யாருடைய வேலை தடைப்படுகிறது? இவை அத்தனையும் அந்தக் கொப்பியில் ஏதோ ஒரு வரியில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை வாக்குக் கேட்டு யாராவது படியேறினால், எந்தக் கட்சியாயினும், மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் வட்டாரத்துக்குப் போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? அதில் எவ்வளவு உண்மையில் செலவாயிற்று? வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் கை தூக்கினீர்கள், ஏன்? மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன விடை சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் அந்த விடையில் உங்கள் வீதியின் பெயர் வருகிறதா, அல்லது தலைவர்களின் பெயர் மட்டும்தான் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதிலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

மேயர் தோற்றாரா, எதிர்க்கட்சி வென்றதா என்று பத்திரிகை எழுதும். எழுதட்டும். வாசலில் குப்பை இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. வட்டிலாப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டே அந்தத் தங்கை கேட்டாளே, அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடாமல், கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.